அழிந்த புலிகளும் அருகிவரும் புலிகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புலிகளைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் ஏறக்குறைய ஒரே வகையான ஐயங்களே திரும்பத் திரும்பக் கேட்கப்படுகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே தொகுத்து, இயன்றவரை எளிதிலிருந்து கடினத்திற்குச் செல்லும் வரிசையில் விடைகள் தந்திருக்கிறேன்.

புலியில் மொத்தம் எத்தனை கிளையினங்கள்? ஒரு புத்தகத்தில் எட்டு, இன்னொன்றில் ஒன்பது, வேறோர் இடத்தில் இரண்டு என்றுகூடப் படித்தேன்.

மரபான கணக்கு ஒன்பது. வங்கப் புலி, சைபீரியப் புலி என்று பரவலாக அறியப்படும் ஆமூர் புலி, இந்தோசீனப் புலி, மலாயாப் புலி, சுமத்திராப் புலி, தென்சீனப் புலி ஆகிய ஆறும் இன்னும் உயிரோடு இருப்பவை. காஸ்பியன் புலி, ஜாவாப் புலி, பாலிப் புலி ஆகிய மூன்றும் அழிந்தவை. பழைய நூல்களில் எட்டு என்று இருப்பதற்குக் காரணம், மலாயாப் புலியை இந்தோசீனப் புலியிலிருந்து பிரித்துத் தனிக் கிளையினமாக 2004ஆம் ஆண்டில்தான் வகைப்படுத்தினார்கள் என்பதே.

இரண்டு என்னும் கணக்கு அண்மையில் வந்தது. அதில் சிக்கல் சற்று அதிகம் என்பதால், காஸ்பியன் புலியைப் பற்றிய கேள்விகளுக்குப் பிறகு அதற்கு வருகிறேன்.

கிளையினம் என்றால் தனி விலங்கு என்று பொருளா? ஒன்றோடொன்று இனப்பெருக்கம் செய்ய முடியாதா?

எல்லாப் புலிகளும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை; ஒன்றோடொன்று இணைந்து இனப்பெருக்கத் திறனுள்ள குட்டிகளை ஈனக்கூடியவை. நெடுங்காலம் ஒரு பகுதியிலேயே பிரிந்து வாழ்ந்து, உடலளவு, மண்டையோட்டு வடிவம், வரிகளின் நெருக்கம், மரபணுக் கூறு ஆகியவற்றில் அடையாளம் காணத்தக்க வேறுபாடு பெற்றுவிட்ட கூட்டத்தையே கிளையினம் என்கிறோம். அந்த வேறுபாடு எவ்வளவு இருந்தால் போதும் என்பதற்கு எல்லோரும் ஏற்றுக்கொண்ட ஓர் அளவுகோல் இல்லை.

அழிந்த மூன்றில் முதலில் அழிந்தது எது?

பாலிப் புலி. புலிகளிலேயே உருவில் சிறியது இதுதான். ஆண் புலியே 90 முதல் 100 கிலோ வரைதான் இருந்தது. இக்கிளையினம் அறிவியல் பெயர் பெற்றது 1912இல். உறுதிசெய்யப்பட்ட கடைசிப் புலி 1937 செப்டம்பர் 27 அன்று தீவின் மேற்குப் பகுதியிலுள்ள சும்பர் கிமாவில் சுடப்பட்டது. அது வளர்ந்த பெண் புலி. பெயரிடப்பட்டதற்கும் மறைந்ததற்கும் இடையே 25 ஆண்டுகள்தான்.

சுமார் 5,800 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஒரு தீவில், அதுவும் பெரும்பகுதி வயலாகிவிட்ட தீவில், புலிகள் என்றுமே பெரும் எண்ணிக்கையில் இருந்திருக்க முடியாது. அத்தகைய சிறு கூட்டத்தை அழிக்கப் பெரும் வேட்டை எதுவும் தேவையில்லை. ஐரோப்பிய வேட்டைக்காரர்கள் இரும்புப் பொறியில் சிக்கவைத்து அருகில் நின்று சுட்ட சில பத்தாண்டுகளே போதுமானவையாக இருந்தன. மேற்குப் பாலியில் காப்புப் பகுதி ஒன்று 1941இல் உருவாக்கப்பட்டது. எஞ்சியிருப்பவை அருங்காட்சியகங்களில் உள்ள மிகச் சில மண்டையோடுகளும் தோல்களும் மட்டுமே.

ஜாவாப் புலி இன்னும் உயிரோடு இருக்கிறது, முடி கிடைத்திருக்கிறது என்று செய்தி வந்ததே, உண்மையா?

செய்தி உண்மை, முடிவு உறுதியானதன்று. மேற்கு ஜாவாவின் சுகபூமி பகுதியில், 2019இல் ஒரு வேலியில் சிக்கியிருந்ததாகச் சொல்லப்பட்ட ஒரேயொரு முடியை ஆராய்ந்த இந்தோனேசிய ஆய்வாளர்கள், அது ஜாவாப் புலியினுடையதாக இருக்கலாம் என்று 2024இல் ஓர் ஆய்விதழில் எழுதினார்கள். மரபணுச் சான்று போதாது என்று வேறு ஆய்வாளர்கள் மறுத்தார்கள். கையிலிருப்பது ஒரேயொரு முடி, இதுவரை ஒரு படமும் இல்லை என்னும் நிலையில், மறுத்தவர்களின் பக்கமே வலுவாக இருப்பதாக நான் கருதுகிறேன்.

இந்தச் செய்தியை விட அந்தப் புலி மறைந்த விதத்தை அறிந்துகொள்வது பயனுள்ளது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூன்று கோடிக்கும் சற்றுக் குறைவாக இருந்த ஜாவாவின் மக்கள்தொகை, 1975 வாக்கில் எட்டு கோடியைத் தாண்டியது. காடுகள் நெல்வயல்களாகவும் தேக்கு, காப்பி, ரப்பர் தோட்டங்களாகவும் மாறின. தேக்குத் தோட்டம் தொலைவிலிருந்து பார்ப்பவருக்குக் காடுபோலத் தோன்றினாலும், மானுக்குத் தீவனமில்லாத இடம் அது. மான் இல்லாத இடத்தில் புலி வாழ முடியாது. கடைசியில் தீவின் தென்கிழக்கு மூலையிலுள்ள மெரு பெத்திரி மட்டும் எஞ்சியது. அங்கே 1976இல் நடந்த ஆய்வில் மூன்று புலிகளாவது இருப்பதற்கான தடயங்கள் கிடைத்தன. அதன் பிறகு உறுதியான சான்று எதுவும் இல்லை.

காஸ்பியன் புலி பாலைவனத்தில் வாழ்ந்தது என்கிறார்களே, தண்ணீர் இல்லாத இடத்தில் புலி எப்படி வாழும்?

அது பாலைவனத்தில் வாழவில்லை. பாலைவனத்தின் ஊடே ஓடும் ஆறுகளின் கரையில் வாழ்ந்தது. கிழக்குத் துருக்கி, காகசஸ், வட ஈரான் ஆகியவற்றில் தொடங்கி, அமு தரியா, சிர் தரியா, இலி ஆகிய ஆறுகளின் வழியாகச் சீனாவின் சின்ஜியாங் வரை அதன் எல்லை நீண்டிருந்தது. அந்த ஆற்றோரங்களில் நாணலும் பாப்லர் மரங்களும் அடர்ந்த துகாய் எனப்படும் காடுகள் இருந்தன. காட்டுப்பன்றியும் புகாரா மானும் அங்கே நிறைந்திருந்தன. ஆற்றை ஒட்டிய இந்தப் பசுமை நெடியதாக இருந்தாலும் அகலம் குறைந்தது. ஆகவே எந்த இடத்தில் அது அறுபட்டாலும் அதன் இரு பக்கத்துப் புலிகளும் தனிமைப்பட்டன.

அதைத்தான் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து செய்தார்கள். ரஷ்யப் பேரரசு நடு ஆசியாவில் குடியேற்றங்களை அமைத்தபோது, புலிகளைக் கொல்லப் படைவீரர்களையே பயன்படுத்தியது. கொன்றவர்களுக்குப் பரிசுத்தொகையும் கொடுத்தது. பின்னர் சோவியத் ஆட்சியில் பருத்திச் சாகுபடிக்காக ஆற்றுநீர் திருப்பப்பட்டு, துகாய் காடுகள் வயல்களாயின. ஏரல் கடலை வற்றச்செய்த அதே பாசனத் திட்டங்கள்தாம் புலியின் வாழிடத்தையும் அழித்தன. தாஜிகிஸ்தானில் 1938இல் காப்பகமாக அறிவிக்கப்பட்ட திக்ரோவயா பல்காவின் (ரஷ்ய மொழியில் ‘புலிப் பள்ளம்’) பெயரிலேயே புலி இருக்கிறது, காட்டில் இல்லை. துருக்கியின் தென்கிழக்கில் உலுதெரே என்னும் இடத்தில் 1970இல் ஒரு புலி கொல்லப்பட்டதே மேற்கு எல்லையில் கிடைத்த கடைசி உறுதியான பதிவுகளில் ஒன்று.

காஸ்பியன் புலியும் சைபீரியப் புலியும் ஒன்றுதான் என்றால், அது அழிந்தது என்று எப்படிச் சொல்ல முடியும்?

அருங்காட்சியகங்களில் உள்ள காஸ்பியன் புலி மாதிரிகளின் தாய்வழி மரபணுவை ஆராய்ந்த 2009ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, ஆமூர் புலியிலிருந்து அது ஒரேயொரு மரபணு எழுத்தில் மட்டும் வேறுபடுவதைக் காட்டியது. ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்குள் ஒரே கூட்டம் சீனாவின் கான்சு பகுதி வழியாக நடு ஆசியாவுக்குச் சென்று, அங்கிருந்து வடகிழக்கு நோக்கிப் பரவியிருக்க வேண்டும் என்பது அந்த ஆய்வாளர்களின் விளக்கம். இடைப்பட்ட புலிகள் மனிதரால் கொல்லப்பட்ட பின்பே இரு முனைகளும் இரு வேறு கிளையினங்களாகத் தோன்றின என்று கொள்ள இடமுண்டு.

அவ்வாறாயின், மரபுவழி என்ற அளவில் காஸ்பியன் புலி முற்றிலும் மறைந்துவிடவில்லை. ஆனால் நாணற்காட்டில் பன்றி வேட்டையாடி, வெப்பமும் கடுங்குளிரும் மாறிமாறி வரும் ஆற்றோரங்களில் வாழப் பழகிய ஒரு கூட்டம் முழுமையாக மறைந்துவிட்டது. துருக்கியிலிருந்து சின்ஜியாங் வரை இன்று காட்டுப்புலி ஒன்றுகூட இல்லை. பெயரை மாற்றி எழுதுவதால் இந்த வெற்றிடம் நிரம்பிவிடாது.

அப்படியானால் இரண்டே கிளையினங்கள் என்று சொல்பவர்கள் சரியா, ஆறு என்பவர்கள் சரியா?

ஐ.யூ.சி.என். எனப்படும் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பூனைக் குடும்ப வல்லுநர் குழு 2017இல், ஆசியப் பெருநிலத்துப் புலிகள் அனைத்தும் ஒரு கிளையினம், சுமத்திரா, ஜாவா, பாலி ஆகிய தீவுகளின் புலிகள் மற்றொரு கிளையினம் என்று இரண்டாகக் குறைத்தது. மண்டையோட்டு அளவுகளிலும் தோல் வரிகளிலும் கிளையினங்களுக்கிடையே எல்லைகள் தெளிவாக இல்லை என்பது அதற்கான வாதம். மறு ஆண்டே, 32 புலிகளின் முழு மரபணுத் தொகுதிகளை ஆராய்ந்த வேறொரு குழு, இன்று வாழும் ஆறு கூட்டங்களும் ஆறு தனித்த மரபுவழிகளே என்றும், அவற்றின் பொது மூதாதை சுமார் 1,10,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது என்றும் எழுதியது.

பிந்தைய ஆய்வு முழு மரபணுத் தொகுதியைப் பார்த்தது என்பதால் அதன் சான்று எனக்கு வலுவாகத் தோன்றுகிறது. ஆயினும் இரண்டு என்று சொல்பவர்களின் கவலையைத் தள்ளிவிட முடியாது. கிளையினங்களை மிக நுணுக்கமாகப் பிரித்துவிட்டால், ஓரிடத்தில் புலி அருகும்போது பக்கத்து நாட்டிலிருந்து புலியைக் கொண்டுவருவதற்கு வகைப்பாடே தடையாகிவிடும் என்பது அவர்களின் அச்சம். கீழே கம்போடியாவைப் பற்றிப் பேசும்போது இது வெறும் ஏட்டுச் சண்டை இல்லை என்பது விளங்கும்.

தென்சீனப் புலி அழிந்ததா, இல்லையா? அழிந்தவற்றின் பட்டியலிலும் பார்க்கிறேன், இருப்பவற்றின் பட்டியலிலும் பார்க்கிறேன்.

காட்டில் அழிந்துவிட்டது என்றே கொள்ளலாம், கூண்டில் இருக்கிறது. 1950களின் தொடக்கத்தில் சுமார் 4,000 புலிகள் இருந்ததாக மதிப்பிடப்படுகிறது. 1959இல் அரசே அதைத் தீங்குயிர் என்று அறிவித்து வேட்டையை ஊக்குவித்தது. 1979இல் வேட்டை தடைசெய்யப்பட்டபோது மிகச் சிலவே எஞ்சியிருந்தன. 2001, 2002ஆம் ஆண்டுகளில் அதன் பழைய வாழிடங்களில் நடத்தப்பட்ட விரிவான களத் தேடலில் ஒரு புலிகூடத் தென்படவில்லை. 2007இல் ஷான்சி மாநிலத்தில் எடுத்ததாகச் சொல்லி ஒரு விவசாயி வெளியிட்ட புலிப் படங்கள் நாடு முழுவதும் பரபரப்பை ஏற்படுத்தின. கடைசியில் அச்சிட்ட புலிப் படம் ஒன்றைப் புதர்களுக்கிடையே வைத்து எடுத்தவை என்று தெரியவந்தது.

கூண்டில் இருப்பவை அனைத்தும் காட்டிலிருந்து பிடிக்கப்பட்ட ஆறே புலிகளின் வழித்தோன்றல்கள். எண்ணிக்கை இன்று 200ஐத் தாண்டிவிட்டாலும், நெருங்கிய உறவுகளுக்குள்ளேயே இனப்பெருக்கம் நடந்திருப்பதால் மரபணு வளம் மிகவும் குறைவு. அவற்றுள் சிலவற்றின் தாய்வழி மரபணு இந்தோசீனப் புலியினுடையதோடு ஒத்திருப்பதால், எல்லாமே தூய தென்சீனப் புலிகள்தாமா என்ற ஐயமும் உண்டு.

இப்போது உயிரோடு இருப்பவற்றுள் அடுத்து அழியக்கூடியது எது?

தென்சீனப் புலியை மேலே சொன்ன நிலையில் விட்டுவிட்டால், என் கணிப்பில் மலாயாப் புலி. 1950களில் தீபகற்ப மலேசியாவில் 3,000 வரை இருந்ததாகச் சொல்லப்படும் இது, 2022ஆம் ஆண்டு வெளியான கணக்கின்படி 150க்கும் கீழே வந்துவிட்டது. சுமத்திராப் புலி 400 முதல் 600 வரை இருக்கக்கூடும். ஆனால் அது எண்ணெய்ப்பனைத் தோட்டங்களால் துண்டாடப்பட்ட காடுகளில் சிதறிக் கிடக்கிறது. தீவுப் புலிகளில் எஞ்சியிருப்பது இது ஒன்றே என்பதால், இதை இழந்தால் பாலி, ஜாவா வரிசை முற்றுப்பெறும். இவ்விரண்டும் ஐ.யூ.சி.என். பட்டியலில் மிக அருகிய நிலையில் வைக்கப்பட்டவை.

இந்தோசீனப் புலியின் கதை இரண்டுபட்டது. லாவோசில் 2013க்குப் பிறகு புலி பதிவாகவில்லை. கம்போடியாவில் தானியங்கி கேமராவில் கடைசியாகப் புலி பதிவானது 2007இல். வியட்நாமிலும் நிலைத்து வாழும் புலிக்கூட்டம் இல்லை. தாய்லாந்தில் மட்டும், குறிப்பாக ஹுவாய் கா கேங் காப்பகத்தை மையமாகக் கொண்ட மேற்குக் காடுகளில், எண்ணிக்கை கூடி வருகிறது. 2024ஆம் ஆண்டு மதிப்பீடு 179 முதல் 223 வரை.

லாவோசிலும் வியட்நாமிலும் காடு இன்னும் இருக்கிறதே, புலி மட்டும் எப்படிப் போயிற்று?

கம்பிச் சுருக்கு. மிதிவண்டி பிரேக் கம்பி போன்ற மலிவான கம்பியால் செய்யப்படும் இந்தக் கண்ணிகளில் பலவற்றை ஒருவர் ஒரே நாளில் வைத்துவிடலாம். பன்றி, மான், கரடி, புலி என்று எது வந்தாலும் கண்ணி அதைச் சிக்கவைத்துவிடும். காட்டு இறைச்சிக்காக வைக்கப்படுபவையே மிகுதி. புலியின் எலும்புக்கும் தோலுக்கும் சட்டவிரோதச் சந்தை இருப்பதால் புலிக்காகவே வைக்கப்படுபவையும் உண்டு. கண்ணியில் புலி சிக்காவிட்டாலும் அதன் இரை முழுவதும் சிக்கிவிடுகிறது. மரங்கள் நிற்கும், விலங்குகள் இரா. மேலிருந்து எடுக்கும் செயற்கைக்கோள் படத்தில் இந்த வெறுமை தெரியாது.

தாய்லாந்தின் மேற்குக் காடுகளில் மாறாக நடந்ததற்குப் பெரும் காரணம், ஆயுதம் தாங்கிய காவலர்கள் இடைவிடாமல் ரோந்து சுற்றி, எங்கே கண்ணி கிடைத்தது, எங்கே வேட்டைக்காரர் தங்கினர் என்பதைப் பதிவுசெய்து, அதற்கேற்ப அடுத்த ரோந்தைத் திட்டமிட்டது. இதில் வியப்பூட்டும் தொழில்நுட்பம் எதுவும் இல்லை. தளராமல் ஆண்டுக்கணக்கில் செய்யவேண்டியிருக்கிறது என்பதுதான் கடினம்.

சைபீரியப் புலி மட்டும் எப்படி மீண்டது?

1940களில் ரஷ்யத் தூரகிழக்கில் 20 முதல் 30 வரையே எஞ்சியிருந்ததாக மதிப்பிடப்பட்டது. 1947இல் சோவியத் அரசு வேட்டையைத் தடைசெய்தது. குட்டிகளைப் பிடிப்பதும் பின்னர் கட்டுப்படுத்தப்பட்டது. மக்கள் குறைவாக வாழும் பெருங்காடு உடையாமல் இருந்ததால், கொல்வதை நிறுத்தியதும் கூட்டம் பெருகியது. சோவியத் ஒன்றியம் கலைந்த 1990களின் தொடக்கத்தில் கள்ளவேட்டை மீண்டும் தலைதூக்கியது. 2015ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 500க்கும் மேற்பட்டவை இருப்பதாகத் தெரிந்தது. எல்லையைத் தாண்டி வடகிழக்குச் சீனாவிலும் அவை பெருகிவர, அங்கே புலிக்கும் சிறுத்தைக்குமாக ஒரு தேசியப் பூங்கா 2021இல் முறைப்படி தொடங்கப்பட்டது.

ஆனாலும் சில எல்லைகள் உண்டு. இரை அடர்த்தி குறைவாக இருப்பதால் ஒரு பெண் புலிக்கே சுமார் 400 சதுர கிலோமீட்டர் தேவைப்படுகிறது. நேபாளத்தின் சித்வனில் 20 சதுர கிலோமீட்டரே போதும். சில விலங்குகளிலிருந்து மீண்ட கூட்டம் என்பதால் மரபணு வேறுபாடும் குறைவு. நாய்களிடமிருந்து பரவும் டிஸ்டெம்பர் நோயும், காட்டுப்பன்றிகளைக் கொல்லும் ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சலும் அங்கே புதிய கவலைகள். இதுவே உலகின் மிகப் பெரிய புலி என்ற பெயரும் சற்று மிகையானது. இன்று காட்டில் எடைபோடப்பட்ட ஆண்களின் சராசரி, சித்வன் ஆண்களைவிடக் குறைவு.

இந்தியாவில் புலிகள் கூடிவிட்டனவே, வங்கப் புலிக்கு இன்னும் ஏன் ஆபத்து என்கிறீர்கள்?

கூடியிருப்பது உண்மை. 2006இல் 1,411 என்று மதிப்பிடப்பட்ட எண்ணிக்கை, 2022இல் 3,682 ஆனது. உலகின் காட்டுப்புலிகளில் பெரும்பான்மை இன்று இந்தியாவில்தான் இருக்கின்றன. நேபாளம் 2009இல் இருந்த 121ஐ 2022இல் 355 ஆக உயர்த்தியது. உயர்வில் ஒரு பகுதி, கணக்கெடுக்கும் பரப்பு விரிந்ததாலும் கேமராக்கள் கூடியதாலும் வந்தது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

ஆபத்து மொத்த எண்ணிக்கையில் இல்லை, துண்டுபட்ட காடுகளில் இருக்கிறது. ராஜஸ்தானின் சரிஸ்கா காப்பகத்தில் எல்லாப் புலிகளும் கொல்லப்பட்டுவிட்டது 2005இல்தான் வெளியில் தெரிந்தது. மத்தியப் பிரதேசத்தின் பன்னாவில் 2009 வாக்கில் அதே நிலை. இரண்டுக்கும் வேறு காப்பகங்களிலிருந்து புலிகளைக் கொண்டுவர வேண்டியிருந்தது. ஒடிசாவின் சிமிலிபாலில், கருவரிகள் தடித்து ஒன்றோடொன்று கலந்து உடல் கறுப்பாகத் தோன்றும் புலிகள் அதிகம் காணப்படுவதை அழகு என்று பலர் பகிர்கிறார்கள். அது தனிமைப்பட்ட கூட்டத்தில் நெருங்கிய உறவுகளுக்குள் இனப்பெருக்கம் நடப்பதன் அறிகுறி. நாகர்ஹோலே, பந்திப்பூர், வயநாடு, முதுமலை, சத்தியமங்கலம் என்று தொடரும் காடுகளில் புலிகள் செழிப்பதற்கு, அவை ஒன்றோடொன்று இணைந்திருப்பது முதன்மையான காரணம்.

வெள்ளைப் புலியும் அருகிவரும் கிளையினம்தானே? அதை ஏன் பட்டியலில் சேர்க்கவில்லை?

அது கிளையினமே இல்லை. வங்கப் புலியில் நிறத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு மரபணுவில் ஏற்பட்ட மாற்றம் அது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் அந்த மாற்றத்தைப் பெற்ற குட்டி வெள்ளையாகப் பிறக்கிறது. கூண்டுகளில் உள்ள வெள்ளைப் புலிகளில் பெரும்பாலானவை 1951இல் ரேவா பகுதியில் பிடிக்கப்பட்ட மோகன் என்னும் ஒரே ஆண் புலியின் வழி வந்தவை. நிறத்துக்காக உறவுக்குள்ளேயே இணைத்ததால் பல குறைபாடுகளும் சேர்ந்தே வந்தன. அவற்றைப் பெருக்குவதால் புலிப் பாதுகாப்புக்கு எந்தப் பயனும் இல்லை.

உலகம் முழுவதும் கூண்டுகளில் ஆயிரக்கணக்கில் புலிகள் இருக்கும்போது, புலி அழிந்துவிடும் என்பது மிகைப்படுத்தல் இல்லையா?

காட்டில் முதிர்ந்தவையும் இளையவையுமாக 3,726 முதல் 5,578 வரை இருப்பதாக ஐ.யூ.சி.என்.னின் 2022ஆம் ஆண்டு மதிப்பீடு கூறுகிறது. கூண்டில் இருப்பவை அதைவிட அதிகம். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை எந்தக் கிளையினம் என்றே சொல்ல முடியாத கலப்புப் புலிகள். வம்சாவளிப் பதிவேட்டோடு திட்டமிட்டு வளர்க்கப்படும் ஆமூர், சுமத்திராப் புலிகள் போன்ற சிறு பகுதியே காப்புக் கையிருப்பாகப் பயன்படக்கூடியது. ஆசியாவின் சில நாடுகளில் உள்ள புலிப் பண்ணைகளோ, உடலுறுப்பு வணிகத்துக்கு மறைவிடமாகி, காட்டுப்புலியின் எலும்பும் அதோடு கலந்து விற்பனையாக வழிசெய்கின்றன. இதனால்தான் உறுப்பு வணிகத்துக்காகப் புலிகளை வளர்க்கக் கூடாது என்று அருகிய உயிரினங்களின் வணிகம் குறித்த பன்னாட்டு உடன்படிக்கையின் உறுப்புநாடுகள் 2007இல் முடிவுசெய்தன.

ஒரு கிளையினம் அழிந்த இடத்தில் வேறு கிளையினத்தைக் கொண்டுபோய் விடலாமா? அது ஏமாற்று வேலை ஆகாதா?

கசகஸ்தான் இதைத் தொடங்கிவிட்டது. பால்காஷ் ஏரியில் இலி ஆறு கலக்கும் பகுதியில் 2018இல் இலி-பால்காஷ் காப்பகம் அமைக்கப்பட்டது. முதலில் புலியைக் கொண்டுவராமல், புகாரா மானைத் திரும்பக் குடியேற்றினார்கள். வரிசை அப்படித்தான் இருக்க வேண்டும். 2024 இறுதியில் நெதர்லாந்திலிருந்து கூண்டில் வளர்ந்த ஓர் இணை ஆமூர் புலிகள் வந்தன. இவை காட்டில் விடப்படமாட்டா, இவற்றின் குட்டிகளை விடுவதே திட்டம். காஸ்பியன் புலிக்கும் ஆமூர் புலிக்கும் உள்ள நெருக்கத்தை முன்பே பார்த்தோம் என்பதால், இதை ஏமாற்று என்று சொல்ல எனக்கு மனமில்லை.

கம்போடியா கடினமான எடுத்துக்காட்டு. 2022இல் இந்தியாவோடு செய்துகொண்ட உடன்பாட்டின் வழியாக, வங்கப் புலிகளை அங்கே கொண்டுசெல்லத் திட்டமிடுகிறார்கள். ஆறு கிளையினக் கணக்குப்படி இது இந்தோசீனப் புலியின் இடத்தில் வேற்றுக் கிளையினத்தை வைப்பது. இரண்டு கிளையினக் கணக்குப்படி ஒரே கிளையினத்தை இடம் மாற்றுவது. என் தயக்கம் மரபணுவைப் பற்றியது இல்லை. முந்தைய புலிகளை அழித்த கம்பிச் சுருக்குகள் நீங்கி, இரை பெருகியிருப்பதைக் கேமராக்கள் காட்டிய பின்னரே எந்தப் புலியையும் அங்கே விட வேண்டும். இல்லையெனில் எந்தக் கிளையினத்தை அனுப்பினாலும் அதே கண்ணிகளில்தான் அது சிக்கும்.

அருங்காட்சியகத் தோலிலிருந்து மரபணுவை எடுத்துப் பாலிப் புலியை மறுபடியும் உருவாக்க முடியாதா?

பதப்படுத்திய தோலிலும் எலும்பிலும் கிடைக்கும் மரபணு சிதைந்த துண்டுகளே. உயிருள்ள செல் இல்லாமல் நகலாக்கம் செய்ய இயலாது. துண்டுகளை வரிசைப்படுத்திப் படிக்கலாம், உறவுமுறையை அறியலாம். மேலே சொன்ன காஸ்பியன் புலி ஆய்வு அப்படி நடந்ததே. ஒருவேளை என்றேனும் உருவாக்க முடிந்தாலும், 1937க்குப் பிறகு இன்னும் நெருக்கமாக மக்கள் குடியேறிய அந்தத் தீவில் புலிக்கு இடமில்லை. பாலிப் புலிக்கு மிக நெருங்கிய உறவு இன்றும் சுமத்திராவில் காட்டிலேயே வாழ்கிறது. ஆய்வுக்கூடத்தில் செலவிடக்கூடிய பணத்தை அங்கே ரோந்துக் காவலர்களுக்குச் செலவிடுவதே பொருத்தம்.